"நம்ம ஆளு சொன்னாரு"ன்னு பணம் போடலாமா? போடறதுக்கு முன்னாடி மூணு கேள்வி



போன மாசம் வில்லியனூர் தேரடி பக்கத்துல டீ குடிச்சிட்டு நின்னேன். பக்கத்துல ரெண்டு பசங்க, கழுத்துல கம்பெனி ஐடி கார்டு. ஒருத்தன் சொல்றான்: "எங்க சித்தப்பா மூணு மாசமா வாங்குறாருடா. பேங்க்லயே ஏறுது. மெசேஜ் காட்டவா?" இன்னொருத்தன் கேட்டது ஒரே கேள்விதான்: "மினிமம் எவ்வளவு போடணும்?"

எனக்கு டீ இறங்கல. ஏன்னா அந்த சித்தப்பா இடத்துல ஒரு காலத்துல நான் இருந்தேன்.

இன்னைக்கு பதிவுல பார்க்கப் போறது இதுதான். வாட்ஸ்அப், டெலிகிராம் குரூப்ல தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க, "நானே யூஸ் பண்றேன்"னு சொல்றவங்க பண்ற சிபாரிசை எவ்வளவு தூரம் நம்பலாம்? எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

என் கதை முதல்ல

சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில வேலை. அப்போ என் சம்பளம் ₹19,500. என் மாமா பையன் ஒரு ஆப் லிங்க் அனுப்பினான். "சோலார் பேனல் வாடகைக்கு எடுக்கலாம் மச்சான். ₹3,000 போட்டா தினமும் ₹110." அவன் பொய் சொல்லல. அவனுக்கு நிஜமாவே வந்துட்டு இருந்துச்சு.

நானும் ₹3,000 போட்டேன். 20 நாள்ல ₹2,200 என் பேங்க் அக்கவுண்ட்டுக்கு வந்துச்சு. நம்பிக்கை வந்துடுச்சு. அடுத்து ₹30,000 போட்டேன். அந்த சந்தோஷத்துல ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன்.

பாகூர் பக்கம் என் நண்பன் ஒருத்தன் அதைப் பார்த்துட்டு போன் பண்ணினான். "நீ போட்டிருக்கியா? அப்போ சரி." அவ்வளவுதான் கேட்டான். தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு வச்சிருந்த ₹45,000-ஐ போட்டான். எனக்கு ரெஃபரல் போனஸ் ₹4,500 ஏறுச்சு. அதுல ₹2,000 எடுத்துட்டேன்.

மூணு வாரம் கழிச்சு ஆப் திறக்கல. குரூப் காணாம போச்சு.

கணக்கு பாருங்க. நான் போட்டது ₹33,000. எடுத்தது ₹4,200. நஷ்டம் ₹28,800. அது என் பேராசைக்கு நான் கட்டின ஃபீஸ். ஆனா என் நண்பனோட ₹45,000? அவன் அந்த கம்பெனியை நம்பி போடல. என்னை நம்பி போட்டான். நான் எடுத்து செலவு பண்ணின அந்த ₹2,000 அவனோட தங்கச்சி ஃபீஸ் பணம்.

அவன் ஒரு வார்த்தை திட்டல. "நீ வேணும்னு பண்ணலடா"ன்னான். அதுதான் இன்னும் வலிக்குது.

ஏன் நல்லவங்க சொல்றதும் தப்பா போகுது?

இங்கதான் நாம ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். ஒருத்தர் நல்லவர் என்பது வேற. அவர் சொல்ற தகவல் சரி என்பது வேற. நாம முதலாவதைப் பார்த்துட்டு ரெண்டாவதுக்கும் சேர்த்து ஓகே சொல்லிடறோம்.

நம்ம கொம்யூன் பஞ்சாயத்து ஊர்கள்ல இது இன்னும் வேகமா நடக்கும். எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில சொந்தம். ஒரே கம்பெனி பஸ், ஒரே ஸ்கூல், ஒரே மகளிர் குழு. விளம்பரம் பண்ணினா யாரும் நம்ப மாட்டாங்கன்னு மோசடி பண்றவனுக்கு தெரியும். அதனால விளம்பரத்துக்கு செலவு பண்ற காசை நமக்கே போனஸா குடுத்து, நம்ம வாயாலயே நம்ம ஆளுங்களுக்குச் சொல்ல வைக்கிறான்.

2025 தொடக்கத்துல புதுச்சேரி சைபர் கிரைம் போலீஸ் ஒரு கிரிப்டோ மோசடி வழக்குல ஆட்களை கைது பண்ணினாங்க. புகார் குடுத்தவர் ஓய்வு பெற்ற ஊழியர். அவர் பணம் போட்டதோட நிக்காம, நண்பர்களையும் சேர்த்துவிட்டிருந்தார்னு செய்திகள்ல வந்துச்சு. ஏமாந்தவரும் சிபாரிசு பண்ணினவரும் ஒரே ஆள். என் கதை மாதிரியேதான்.

குரூப்ல வேலை செய்யற நாலு கணக்கு

1. பாதி சாப்பாட்டுல குடுக்கற ரிவ்யூ

பரோட்டா கடை நல்லா இருக்குன்னு ஒருத்தர் சொன்னா, சாப்பிட்டு முடிச்சு, கை கழுவிட்டு சொல்றார். முதலீட்டுல அப்படி இல்ல. அசல் இன்னும் உள்ளேயே இருக்கும்போதே "சூப்பர்"னு சொல்றாங்க. மூணு மாசமா வட்டி வருது என்பது ரிவ்யூவே இல்ல. போட்ட பணம் மொத்தமும் திரும்பி வந்துச்சா என்பதுதான் ரிவ்யூ.

ஆருத்ரா கோல்டு ஞாபகம் இருக்கா? 2022 மே மாசம் தமிழ்நாடு பொருளாதார குற்றப்பிரிவு சோதனைக்குப் போன கம்பெனி. மாசம் 25–30% வட்டின்னு சொல்லி, ஒரு லட்சத்துக்கும் அதிகமானவங்க கிட்ட சுமார் ₹2,438 கோடி வாங்கினாங்கன்னு போலீஸ் சொல்லுச்சு. ஆரம்பத்துல சேர்ந்தவங்களுக்கு பணம் வந்துச்சு. அவங்க சொல்லித்தான் மத்தவங்க வந்தாங்க.

ஒரு சின்ன கணக்கு. ₹1 லட்சத்துக்கு மாசம் 30% என்றால் ₹30,000. பேங்க் எஃப்டியில வருஷம் 7% கிடைச்சா ₹7,000. அதாவது பேங்க் நாலு வருஷத்துல குடுக்கறதை விட அதிகமா ஒரே மாசத்துல. இவ்வளவு லாபம் எந்தத் தொழில்ல வருதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தாலும் போதும். "பக்கத்து வீட்டுக்காரருக்கு வருதே" என்ற பதில் அந்தக் கேள்வியை அமுக்கிடுச்சு.

2. ஆளுக்கு அஞ்சு பேர்

"நீங்க அஞ்சு பேரை சேர்த்தா போதும்"னு சொல்வாங்க. சுலபமா தெரியும். போட்டுப் பாருங்க: 5, 25, 125, 625, 3,125, 15,625, 78,125, 3,90,625. ஒன்பதாவது சுத்துல 19,53,125 பேர் வேணும்.

2011 சென்சஸ்படி காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்த்து புதுச்சேரி யூனியன் பிரதேசத்தோட மொத்த ஜனத்தொகையே சுமார் 12.48 லட்சம். கைக்குழந்தையையும் சேர்த்தா கூட ஒன்பதாவது சுத்துக்கு ஆள் இல்ல. எப்பவும் கடைசி சுத்துலதான் அதிகமான ஆட்கள் இருப்பாங்க. அந்த சுத்து நின்னா நஷ்டம் அவங்களுக்குத்தான்.

3. ஜெயிச்சவன் மட்டும் பேசற குரூப்

ஒருத்தர் கிட்ட 8,000 நம்பர் இருக்குன்னு வைங்க. பாதி பேருக்கு "நாளைக்கு இந்த ஷேர் ஏறும்", மீதி பேருக்கு "இறங்கும்"னு அனுப்புறார். எது நடந்தாலும் 4,000 பேருக்கு சரியா சொல்லியிருப்பார். தப்பா போன 4,000 பேரை விட்டுடறார். மறுநாள் 2,000. அப்புறம் 1,000, 500, 250. அஞ்சு நாள்ல அந்த 250 பேரோட கண்ணுக்கு அவர் தெய்வம். அதுல 100 பேர் ₹10,000 ஃபீஸ் கட்டினா ₹10 லட்சம். அவருக்கு மார்க்கெட் பத்தி ஒண்ணுமே தெரிய வேண்டியதில்ல.

அந்த 250 பேரும் "அஞ்சு நாளும் கரெக்ட்!"னு எழுதறது பொய்யும் இல்ல. மீதி 7,750 பேர் அங்க இல்ல, அவ்வளவுதான்.

நிஜ உதாரணம் வேணுமா? 2023 அக்டோபர்ல 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பேர்ல இயங்கினவர் மேல செபி இடைக்கால உத்தரவு போட்டு, ₹17.2 கோடியை முடக்கச் சொல்லுச்சு. பதிவு இல்லாம முதலீட்டு ஆலோசனை குடுத்தார் என்பது குற்றச்சாட்டு. லாபம் வந்த டிரேடை காட்டிட்டு இருந்தவரோட கணக்கைப் பார்த்தா, 2021 ஜனவரியில இருந்து 2023 ஜூலை வரைக்கும் நிகரமா ₹2.89 கோடி நஷ்டம்னு அந்த உத்தரவுலயே இருக்கு.

இன்னொரு எண்ணும் பாருங்க. 2024 செப்டம்பர்ல வந்த செபி ஆய்வுப்படி, மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ டிரேட் பண்ணின தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம். சராசரியா ஆளுக்கு சுமார் ₹2 லட்சம். டிரேட் பண்ணினவங்கள்ல 70%க்கு மேல பெரிய 30 நகரங்களுக்கு வெளியே இருக்கிறவங்க. அதாவது நம்ம மாதிரி ஊர்க்காரங்க. ஆனா உங்க குரூப்ல நஷ்ட ஸ்கிரீன்ஷாட் எத்தனை பார்த்திருக்கீங்க?

4. காசு குடுத்து எழுத வச்ச ஸ்டார்

"மேப்ல ஹோட்டலுக்கு 5 ஸ்டார் குடுங்க, ஒரு ரிவ்யூவுக்கு ₹50." இந்த மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். முதல் மூணுக்கு ₹150 நிஜமாவே வரும். அப்புறம் "பிரீபெய்ட் டாஸ்க்": ₹1,000 கட்டினா ₹1,300 தருவாங்க. அடுத்து ₹5,000. அடுத்து ₹20,000 கட்டினா "ஒரு டாஸ்க் தப்பு பண்ணிட்டீங்க, இன்னும் ₹40,000 கட்டினாத்தான் ரிலீஸ் ஆகும்"பாங்க. கட்டினாலும் வராது. அந்த குரூப்ல "எனக்கு வந்துடுச்சு சார், நன்றி"ன்னு எழுதறவங்க அவங்க ஆட்களே.

இதுல ரெண்டு பேர் ஏமாறுறாங்க. டாஸ்க் பண்ணினவன் பணத்தை இழக்கிறான். அவன் போட்ட 5 ஸ்டாரைப் பார்த்து போனவனும் ஏமாறுறான். நாம "யூசர் ரிவ்யூ"ன்னு நம்பிப் படிக்கிறதுல சிலதை போடாத ஊருக்கு ஸ்டார் போட்ட நம்ம பசங்களே எழுதியிருக்கலாம்.

2022 நவம்பர்ல இந்திய தர நிர்ணய அமைப்பு ஆன்லைன் ரிவ்யூக்களுக்குன்னே ஐஎஸ் 19000:2022 என்ற தரத்தைக் கொண்டு வந்துச்சு. காசு குடுத்து வாங்கின ரிவ்யூவை போடக் கூடாது, எழுதினவர் நிஜ ஆளான்னு சரிபார்க்கணும் என்பதெல்லாம் அதுல வருது. ஆனா கம்பெனிகள் தானா முன்வந்து பின்பற்ற வேண்டிய தரமாத்தான் அது வந்துச்சு. வாட்ஸ்அப் குரூப்புக்கு அதுவும் கிடையாது. அங்க நாமதான் சரிபார்க்கணும்.

சரி, கேட்க வேண்டிய மூணு கேள்வி

யார் எதை சிபாரிசு பண்ணினாலும் இந்த மூணையும் கேளுங்க.

கேள்வி 1: இது முடிஞ்ச அனுபவமா, பாதி அனுபவமா?
அசலும் சேர்த்து முழுசா வெளிய எடுத்துட்டாரா? சின்ன தொகை எடுத்துப் பார்த்தேன் என்பது கணக்குல வராது. அந்த சின்ன தொகை தூண்டில் புழு.

கேள்வி 2: நான் சேர்ந்தா இவருக்கு என்ன கிடைக்கும்?
போனஸ், கமிஷன், "டீம்" பாயிண்ட் ஏதாவது இருக்கா? இருந்தா அது தப்புன்னு இல்ல. ஆனா அது சிபாரிசு இல்ல, விற்பனை. விற்பனைக்காரர் பேச்சை எப்படி கேட்போமோ அப்படி கேட்கணும்.

கேள்வி 3: தப்பா போனா யாரை, எங்க போய் பிடிக்கலாம்?
கம்பெனி பேர், பதிவு எண், எந்த ஆணையத்துக்குக் கீழ வருது? "அட்மின் சார் பார்த்துப்பார்" என்பது பதில் இல்ல.

சில உதாரணத்துல போட்டுப் பார்ப்போம்.

டேர்ம் இன்ஷூரன்ஸ்: "எங்க அண்ணன் இறந்தப்போ க்ளைம் இத்தனை நாள்ல வந்துச்சு, இந்த பேப்பர் கேட்டாங்க"ன்னு அந்த வீட்டு ஆள் சொன்னா, அது முடிஞ்ச அனுபவம். அவருக்கு கமிஷனும் இல்ல. பொன்னான தகவல். அதே பாலிசியை ஏஜென்ட் சொன்னா ரெண்டாவது கேள்வி உள்ள வந்துடும்.

சீட்டு: பாகூர்ல தெருவுல ஒரு அக்கா சீட்டு பிடிச்சா, அவங்க வீடு தெரியும், இதுவரைக்கும் எத்தனை சீட்டு முழுசா முடிச்சாங்கன்னு ஊரே சொல்லும். முதல் கேள்விக்கு பதில் இருக்கு. அப்படியும் ஊரை விட்டு ஓடின கதைகள் உண்டு. 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு பண்ணின சீட்டாங்கறதை கேட்காம பெரிய தொகை போடாதீங்க.

ஷேர் டிப்ஸ்: டிப்ஸ் குடுக்கறவருக்கு செபி பதிவு எண் இருக்கணும். ரிசர்ச் அனலிஸ்ட் எண் 'ஐஎன்ஹெச்'னும், முதலீட்டு ஆலோசகர் எண் 'ஐஎன்ஏ'ன்னும் ஆரம்பிக்கும். செபி வெப்சைட்ல அந்த எண்ணைப் போட்டு பேர் ஒத்துப் போகுதான்னு பாருங்க. வேற ஒருத்தரோட எண்ணை போட்டுக்கிறவங்களும் இருக்காங்க. பதிவு பண்ணினவர் யாருமே "கேரண்டி லாபம்"னு சொல்லக் கூடாது. சொன்னா அங்கயே கட் பண்ணிடுங்க. செபியில பதிவு பண்ணின நிறுவனங்கள் யுபிஐயில பணம் வாங்கறதுக்கு 2025 அக்டோபர்ல இருந்து தனி அடையாளம் வந்திருக்கு. ஐடியில '@வேலிட்'னு ஆங்கிலத்துல இருக்கும். யாரோ ஒரு தனி ஆளோட ஜிபே நம்பருக்கு அனுப்பச் சொன்னா, அது முதலீடே இல்ல.

டெபாசிட், தின வருமானம்: 2019-ல வந்த பதிவு இல்லாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டப்படி அனுமதி இல்லாம பொதுமக்கள் கிட்ட டெபாசிட் வாங்கறதே குற்றம். ரிசர்வ் பேங்க் நடத்தற 'சச்சேத்' தளத்துல கம்பெனி பேரைத் தேடலாம், புகாரும் குடுக்கலாம்.

யூடியூப் சேனல்: ஆமா, நானும் இந்த லிஸ்ட்ல இருக்கேன். நாங்க எப்பவாவது ரெஃபரல் லிங்க் போட்டா, நீங்க அது வழியா கணக்கு தொடங்கினா எங்களுக்கு காசு வரும். அதை வெளிப்படையா சொல்ல வேண்டியது எங்க கடமை. 2023 ஜனவரியில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதுக்கு வழிகாட்டுதலே குடுத்திருக்கு. தவறான விளம்பரத்துக்கு ₹10 லட்சம் வரைக்கும், திரும்பத் திரும்ப பண்ணினா ₹50 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம். எங்க வீடியோவைப் பார்க்கும்போதும் இந்த மூணு கேள்வியை கேளுங்க. கோச்சுக்க மாட்டேன்.

சொந்தக்காரங்க கிட்ட எப்படி வேண்டாம்னு சொல்றது?

இதுதான் நிஜமான கஷ்டம். "சித்தப்பா, இது மோசடி"ன்னு முகத்துக்கு நேரா சொன்னா கல்யாண வீட்டுல பேச மாட்டார். அவர் பணம் இன்னும் உள்ள இருக்கு. அது மோசடின்னு ஒத்துக்கிட்டா தன் பணம் போச்சுன்னு ஒத்துக்கணும். யாருக்கும் அது அவ்வளவு சீக்கிரம் வராது.

கோயம்புத்தூர்ல மொபைல்ல விளம்பரம் பார்த்தா காசு தர்றதா சொன்ன மைவி3 ஆட்ஸ் மேல போலீஸ் வழக்கு போட்டப்போ, 2024 ஜனவரியில நீலாம்பூர்ல ஆயிரக்கணக்கான பேர் கூடினாங்க. பணம் கேட்டு இல்ல. கம்பெனிக்கு ஆதரவா. பணம் உள்ள இருக்கிறவங்க சாட்சி எவ்வளவு உறுதியா இருக்கும்னு அன்னைக்கு தெரிஞ்சுது.

அதனால சண்டை வேண்டாம். இப்படி சொல்லிப் பாருங்க: "சித்தப்பா, நீங்க முதல்ல உங்க அசலை முழுசா வெளிய எடுத்துக் காட்டுங்க. அன்னைக்கே நான் போடறேன்." இதுல அவமரியாதை இல்ல. அவர் நிஜமாவே எடுக்க முயற்சி பண்ணினா, பணம் தப்பிச்சாலும் தப்பிக்கும். வரலன்னா அவருக்கே புரியும்.

ஏற்கனவே போட்டுட்டீங்களா?

* உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணம் கை மாறறதுக்கு முன்னாடி அக்கவுண்ட்டை முடக்க அவ்வளவு வாய்ப்பு. தேசிய சைபர் கிரைம் தளத்துலயும் பதிவு பண்ணலாம்.
* உங்க பேங்க்குக்கும் சொல்லுங்க. பரிவர்த்தனை எண், சாட், லிங்க் எதையும் அழிக்காதீங்க.
* "வரி கட்டினா ரிலீஸ்", "மீட்டுத் தர்றோம்"னு வர்றவங்களுக்கு ஒரு பைசா கட்டாதீங்க. அது ரெண்டாவது மோசடி.
* உங்க மூலமா சேர்ந்தவங்களுக்கு அன்னைக்கே சொல்லுங்க. வெட்கமா இருக்கும். ஆனா நீங்க வாயை மூடிட்டு இருக்கிற ஒவ்வொரு நாளும் இன்னும் ஒருத்தர் போடறார்.

அந்த கடைசி விஷயத்தை நான் லேட்டா பண்ணினேன். ஆப்ல பணம் எடுக்க முடியாம நாலு நாள் "சர்வர் பிரச்சனை"ன்னு எனக்கு நானே சொல்லிட்டு இருந்தேன். முதல் நாளே நண்பனுக்கு சொல்லியிருந்தா 1930-க்கு அவன் சீக்கிரம் போயிருப்பான்.

அவனுக்கு மாசம் ₹3,000 வீதம் 15 மாசம் குடுத்து ₹45,000-ஐ முடிச்சேன். முதல் ரெண்டு மாசம் வாங்க மாட்டேன்னான். "தங்கச்சி ஃபீஸ்னு நினைச்சு வாங்கிக்கோ"ன்னு அக்கவுண்ட்ல போட்டுட்டேன். சட்டப்படி நான் குடுக்கணுமான்னு தெரிஞ்சவங்க கிட்ட கேட்கவே இல்ல. அவன் "நீ போட்டிருக்கியா? அப்போ சரி"ன்னு சொன்ன அந்த வார்த்தைக்கு அதுதான் விலைன்னு எடுத்துக்கிட்டேன்.

இப்போ நான் எதையாவது யாருக்காவது சொல்றதுக்கு முன்னாடி ஒரு விதி வச்சிருக்கேன். இது தப்பா போனா அவங்க பணத்தை என் சம்பளத்துல இருந்து குடுக்க நான் தயாரா? தயார் இல்லன்னா ஸ்டேட்டஸ் வைக்க மாட்டேன்.

ஒரே ஒரு உதவி பண்ணுங்க. நீங்க எதுலயாவது நஷ்டப்பட்டிருந்தா, உங்க கம்பெனி குரூப்லயோ, ஃபேமிலி குரூப்லயோ ரெண்டு வரி எழுதுங்க. ஜெயிச்ச ஸ்கிரீன்ஷாட் ஆயிரம் இருக்கு. தோத்த கணக்கு ஒண்ணு இருந்தா, தேரடியில டீ குடிச்சிட்டு "மினிமம் எவ்வளவு போடணும்?"னு கேட்டவன் அதை படிச்சிட்டு ஒரு மாசம் யோசிப்பான்.